பிள்ளையாரிடம் கேட்டது

வெள்ளி, இரவு

வாய் வழியாகக் கமரா விட்டு என் வயிற்றுப் புற்றை எடுத்தாயிற்று. ஆனால் வேர் கொஞ்சம் ஆழம் போயிருக்கிறதாம். இரைப்பையில் பாதியை வெட்டினால் புற்று திரும்ப வரும் பயம் குறையும். இல்லாவிட்டால் அடிக்கடி கமரா விட்டுப் பார்க்கலாம். “முடிவு உங்கட கையில, ஐயா” என்றார் டொக்டர்.

எனக்கு வெட்ட விருப்பமில்லை. பிள்ளையாரிடம் பூ வைத்துக் கேட்போம் என்றேன். சிவப்புச் செவ்வரத்தம்பூ வந்தால் வெட்டுவது, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் விடுவது. இன்று காலை கோயிலில் மனைவி புவனம் பூக்களைத் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து வைத்தாள். ஐயர் ஒரு மடிப்பை எடுத்துத் தந்தார். செவ்வரத்தம்பூ.

வெளியே வந்ததும் மற்ற மடிப்பை வேலிக்கு அப்பால் எறியப் போனாள். வாங்கிப் பிரித்தேன். அதிலும் செவ்வரத்தம்பூதான்.

“என்னப்பா இது?”

“டொக்டர் சொன்னா நீங்கள் கேக்கமாட்டியள். பிள்ளையார் சொன்னாத்தான் கேப்பியள்.”

“சரி, வெட்டுவம்” என்றேன்.

இப்போது நிம்மதியாக நித்திரை கொள்கிறாள். சாமிக்கு முன்னால் அவள் செய்த கள்ளம் பாவமென்றால், வெட்டி எறியும் வயிற்றோடு அதுவும் போகட்டும்.