ஓபல் வீட்டு ஆற்றுப்படுகை

வயோமிங்
ஜூலை 8

அன்புள்ள நோரீனுக்கு,

சத்தியமாக நீ என்று தெரியாதடி! சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் பண்ணைக்கு எதிரே யாரோ ஒருத்தி படகுக்கு நங்கூரம் போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தாள். வந்த கோபத்தில் ஷெரிப்புக்குப் போன் போட்டுவிட்டேன். அத்துமீறல் வழக்குச் சீட்டில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

கவலைப்படாதே. இன்று காலையே போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிவிட்டேன். அரசு வக்கீல், "நீங்களே வேணாம்னா எனக்கென்னம்மா, கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. மாட்டுக்கறியும் பீன்ஸும் செய்கிறேன்.

உன் ஓபல்

மொன்டானா
ஜூலை 12

அடி ஓபல்,

கெடுத்தாயே காரியத்தை! நான் என்ன, வழி தெரியாமலா அங்கே நின்றேன்? பத்தே நிமிடத்தில் போலீசைக் கூப்பிடுகிறவள் அந்தக் கரையில் நீ ஒருத்திதான் என்று பார்த்தல்லவா நங்கூரம் போட்டேன்!

எங்கள் மாநிலத்தில் யார் வேண்டுமானாலும் ஆற்றில் இறங்கி நிற்கலாம். நீதிமன்றம் சொன்னது, சட்டசபை அதைச் சட்டமாக்கியது. உங்கள் மாநில எல்லைக்குள் அதே ஆற்றில் தண்ணீர் ஊருக்கு, அடியில் கிடக்கும் கல் உனக்கு! மிதக்கலாம், இறங்கி நிற்கக் கூடாது. அறுபது வருடத்துப் பழைய தீர்ப்பு. அதை மாற்ற நான் மேல் நீதிமன்றம் போக வேண்டும். போவதற்கு எனக்கு ஒரு தண்டனை வேண்டும். முப்பது வருடமாக மீன்பிடிக்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய், "இறங்காதீங்க, இறங்காதீங்க" என்று கத்தி அலுத்துவிட்டது.

என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு, "உங்க சிநேகிதிக்கு எப்படியாவது கோபம் வர வைங்க" என்கிறார். மறுபடி புகார் கொடு, தாயே.

நோரீன்

வயோமிங்
அடுத்த ஆண்டு, அக்டோபர் 3

நோரீன்,

நீ கேட்டபடி புகார் கொடுத்தேன். உனக்காக இல்லை. என் சிநேகிதத்தை நம்பி வந்து நின்றாய் என்று உருகினேன். நீ என் முன்கோபத்தை நம்பி வந்திருக்கிறாய். வலித்தது. அதனால்தான் பதினைந்து மாதமாக எழுதவில்லை.

ஜெயிக்கத்தான் சாட்சி சொன்னேன். ஆற்றை ஊருக்குத் திறந்துவிட்டால் என் வேலிக் கதவை யார் சாத்துவார்கள்? நேற்றுத் தீர்ப்பு வந்துவிட்டது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் என் பக்கம், இரண்டு பேர் உன் பக்கம். கல் என்னுடையதுதான். எதிர்த்து எழுதிய நீதிபதி அம்மாள் உங்கள் மொன்டானாவைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

ஆனாலும் சாட்சி சொன்ன அன்று நீதிமன்ற வராந்தாவில் நீ என்னைப் பார்த்துச் சிரித்தபோது மனம் கேட்கவில்லை. இதோடு ஒரு தாள் இருக்கிறது. நோரீன் மட்டும் ஆயுள் முழுக்க என் ஆற்றில் இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கல், என் இஷ்டம். வாடி.

ஓபல்

மொன்டானா
அக்டோபர் 9

என் ஓபலுக்கு,

படித்துவிட்டு அழுதேன். உன்னைக் கேட்காமல் உன் கோபத்தைப் பயன்படுத்தியது தப்பு. மன்னித்துவிடு.

வழக்கில் தோற்றதாக நான் நினைக்கவில்லை. அந்த அம்மாள் எழுதிய பத்தொன்பது பக்கத்தை மூன்று மாநிலத்து வக்கீல்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இன்று இரண்டு பேர் சொன்னதை நாளை மூன்று பேர் சொல்வார்கள், பார்த்துக்கொண்டே இரு.

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் தயவில் நான் ஒருத்தி நிற்பதற்கா இத்தனை பாடுபட்டேன்? எல்லோரும் இறங்கலாம் என்கிற நாளில் இறங்குகிறேன். அதுவரை மாட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டுப் பக்கம் மிதந்து வருவேன். உன் நிலத்தைக் கடக்க நாலு நிமிடம் ஆகும். நிறுத்த எனக்கு உரிமை இல்லை. நீ கரைக்கு வா. கூடவே நடந்துகொண்டு பேசு.

நோரீன்