மூணு, சைபர், ஏழு, ரெண்டு

அண்ணே,

இன்று காலை கடைக்கு மஞ்சள் தகடுகள் ஒரு பெட்டி வந்து இறங்கியது. வண்டியின் பின்பக்கம் மாட்டும், இன்னும் எண் பதிக்காத தகடுகள். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரித்தால் புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று கிளம்பும். என் மூக்குக்கு அது பழகிப்போன வாசனைதான். இன்று மட்டும் என்னவோ, இரண்டு தகடுகளை உரித்ததும் கை நின்றுவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இன்னும் சொல்லாமலே வைத்திருக்கிறேன். கடையில் கூட்டமில்லை. ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி வைத்து எழுதுகிறேன்.

நீங்கள் முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜாலான் புசார் பக்கம் எங்கள் கடைக்கு ஞாயிறுதான் நல்ல வியாபாரம். தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வருகிறவர்கள் அப்படியே வண்டிக்குத் துடைப்பான், தரைப்பாய், தகடு என்று வாங்கிப் போவார்கள். என் கணவர் பின்கட்டில் தகடு செய்வார், நான் முன்னால் இருப்பேன். நீங்கள் ஒரு கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையும், மறு கையில் வள்ளி அண்ணியின் கையுமாக வந்தீர்கள். முகம் சிவந்திருந்தது. கார் நிறுத்துமிடத்தில் அண்ணி வேறு யாருடைய காரின் கதவையோ பிடித்து இழுத்திருக்கிறார். சாம்பல் நிறமாக இருந்தால் எல்லாமே உங்கள் வண்டிதான் அவருக்கு. அந்தக் காரின் சொந்தக்காரர், திருடியைப் பிடித்ததுபோல, அத்தனை பேர் நடுவில் கத்தியிருக்கிறார்.

"தங்கச்சி, என் வண்டி நம்பர கொஞ்சம் பெருசா, சிவப்புல போட்டுத் தர முடியுமா? தூரத்துலேர்ந்தே இவளுக்குத் தெரியணும்."

"சிவப்பு முடியாது அண்ணே. எழுத்து எவ்ளோ உயரம், எவ்ளோ இடைவெளின்னு எல்லாத்துக்கும் ரூல் இருக்கு. இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் ஆகாது. எங்களுக்கும் பிரச்சினை."

"ஸ்டைலுக்குக் கேக்கலம்மா."

"எல்லாரும் ஒரு காரணத்தோடதான் வராங்க அண்ணே. ரூல் ரூல்தான்."

அப்படித்தான் சொன்னேன். எழுத்துகளைச் சாய்த்துத் தரச் சொல்லியும், இடைவெளியை நெருக்கித் தரச் சொல்லியும் தினம் நாலு பேர் வருவார்கள். அவர்களிடம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பதில் அது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைத்தீர்களோ என்னவோ, ஒரு துடைப்பானை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். நான் ரசீது போடக் குனிந்தபடி, "ஃபோன் நம்பர் சொல்லுங்க" என்றேன்.

பதில் அண்ணியிடமிருந்து வந்தது. "மூணு, சைபர், ஏழு, ரெண்டு."

நிமிர்ந்து பார்த்தேன். நேராக நின்று, மேலதிகாரியிடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னார். உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது அவ ஃபேக்டரி கார்டு நம்பர். ஜூரோங்ல இருபத்திரெண்டு வருஷம் அந்தக் கார்டத்தான் பஞ்ச் பண்ணா. பெத்த மக பேரு சில நாள் மறந்துபோகுது. இது மட்டும் போகல."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அண்ணே, அந்த நம்பரையே உங்க காருக்கு வாங்கிட்டா என்ன?"

"அதெல்லாம் பணக்காரங்க வேலைலா."

நான் உங்களை ஸ்டூலில் உட்காரவைத்து விளக்கினேன். நம் ஊரில் முன்னால் வரும் எழுத்துகளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. புதிதாகத் திறக்கிற வரிசையில் எண்ணை மட்டும் ஏலத்தில் கேட்கலாம். யார் எவ்வளவு கேட்டார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. எட்டுக்கும் ஒன்பதுக்கும்தான் அடிதடி. அண்ணியின் எண்ணுக்கு யாரும் போட்டிக்கு வரப்போவதில்லை, குறைந்தபட்சத் தொகையிலேயே கிடைத்துவிடும். இப்போது ஓடுகிற வண்டிக்கே அதை மாற்றிக்கொள்ளலாம். சிவப்புத் தகடு கூடாதே தவிர, முன்னால் வெள்ளையும் பின்னால் மஞ்சளும் போட்டுக் கறுப்பில் எழுத விதியிலேயே இடம் உண்டு. எல்லாக் கறுப்புத் தகடுகளுக்கும் நடுவில் மஞ்சள் தனியாகத் தெரியும்.

"கடைசில ஒரு எழுத்து வருமே, அதயாவது கேட்டு வாங்கலாமா? வள்ளிக்கு வி?"

"அது கணக்குப் போட்டுத் தானா வர்ற எழுத்து அண்ணே. அதுலயும் வி கெடயாது."

"நல்லா வெச்சாங்க ரூல்" என்றீர்கள். முதல் முறையாக மூவரும் சேர்ந்து சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் அண்ணியும் சிரித்தார்.

அடுத்த வாரம் நீங்கள் மட்டும் வந்தீர்கள். அண்ணியை மகள் மீனா பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய கைக்கு இந்தக் கணினி சரிப்படாது என்று சொல்லி, விண்ணப்பத்தை என்னையே அடிக்கச் சொன்னீர்கள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தீர்கள். நான் எண்ணை அடிக்கும்போது ஒருவர் வந்து பேட்டரி விலை கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே அடித்தேன். 'சரிபார்க்கவும்' என்று திரை கேட்டது. சரிபார்த்ததாக அழுத்தினேன்.

முடிவு வந்த அன்று உங்களுக்கு நல்ல செய்தி சொல்லும் ஆசையோடுதான் மின்னஞ்சலைத் திறந்தேன். மூன்று, ஏழு, சைபர், இரண்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஏழும் சைபரும் இடம் மாறியிருந்தன. யாருக்கும் வேண்டாத ஓர் எண்ணை உங்கள் சேமிப்பில் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

ஏலம் நடத்தும் அலுவலகத்துடன் தொலைபேசியில் பேசினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நோயாளிக்காக, மறதிக்காரருக்காக என்றெல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அனுப்பிய விண்ணப்பத்தை மாற்ற வழியில்லை, ரூல் அப்படி என்றாள். அவள் குரலில் கடுமை இல்லை. நான் உங்களிடம் சொன்னபோது என் குரலில் இருந்தது.

பிறகு உங்களை அழைத்து, அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"சரி விடும்மா. அடுத்த வரிசை எப்பத் தொறப்பாங்க?"

பணத்தை நான் தந்துவிடுகிறேன் என்றேன். "போனை வை தங்கச்சி, வள்ளி கூப்பிடுறா" என்று வைத்துவிட்டீர்கள்.

அடுத்த வரிசை திறக்கக் காத்திருந்த அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. பாசிர் ரிஸ் வீட்டில் நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது அண்ணி தனியாகக் கீழே இறங்கிவிட்டார். மூன்று அடுக்குமாடி புளோக் தள்ளி, வேறு ஒரு கார் நிறுத்துமிடத்தில், ஒரு சாம்பல் நிறக் காருக்குப் பின்னால் கொட்டும் மழையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் சிராய்த்து இரத்தம். வழியில் போன ஒரு மலாய்க்கார அம்மா குடைபிடித்து நின்று போலீசுக்குச் சொல்லியிருக்கிறார். "அவர் வர்றேன்னு சொன்னாரு" என்று அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னாராம். இதை நீங்கள் என்னிடம் சொன்னபோது உங்கள் பேச்சில் என்மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கும் என்று காத்திருந்தேன். இல்லை. எனக்கு அது இன்னும் கனமாக இருந்தது. அந்த ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போய்ப் பீடத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு நீங்கள் அண்ணியையும் கூட்டிவந்தீர்கள். நான் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டேன்.

"வள்ளி, உன் கார்டு நம்பர் சொல்லு. மெதுவா."

அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக அடித்தேன். சொல்லிமுடித்ததும், "லேட் ஆயிருச்சா?" என்று கேட்டார். "இல்ல, கரெக்ட் டைம்" என்றீர்கள்.

எண் கிடைத்தது. தகடுகளை என் கணவர் வேறு எந்த வேலையும் எடுக்காமல் அன்றே செய்து உங்கள் வண்டியில் மாட்டினார். கடைக்குப் பின்னால் சந்தில் ஐந்தாறு வண்டிகள் நின்றிருந்தன. அண்ணியை நான் கைபிடித்து வெளியே அழைத்துவந்தேன். நீங்கள் வேண்டுமென்றே தள்ளி, எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டீர்கள். "அண்ணி, நம்ம வண்டி எது?" என்றேன். முதல் வண்டியைத் தாண்டினார். ஒரு சாம்பல் நிற வண்டியின் அருகில் தயங்கினார், அதையும் தாண்டினார். மஞ்சள் தகட்டின் முன்னால் நின்றார். குனிந்து, எண்களின்மேல் விரல் வைத்து வாசித்தார்.

"என் கார்டு இங்க இருக்கு" என்றார். கதவைத் திறந்து பின்னிருக்கையில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலைக்குப் போகிற பேருந்தில் உட்கார்வதுபோல.

நீங்கள் சுவரோரத்திலேயே நின்றீர்கள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. நகரவில்லை. கொஞ்சம் பொறுத்து, "டீ சொல்லும்மா" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. அண்ணிதான் முதலில் போவார் என்று எல்லோரும் மனத்துக்குள் தயாராகியிருந்தோம். நீங்கள் ஒரு நாள் காலையில், செருப்பை மாட்டக் குனிந்தவர் எழவில்லை. இறுதிச் சடங்குக்கு நானும் என் கணவரும் பாசிர் ரிஸ் வந்திருந்தோம். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். கூட்டத்தில் யாரும் கவனிக்காதபோது அண்ணி எழுந்து போய்த் தன் வண்டியைச் சரியாகக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் நின்றார். நீங்கள் வந்து கதவைத் திறப்பீர்கள் என்று நின்றார். மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை மீனா கதவைத் திறந்து அவரை உள்ளே உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் அங்கேயே வெகுநேரம் இருந்தார்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு மீனா கடைக்கு வந்தாள். தரகர் ஒருவர் வண்டிக்கு விலை சொல்லியிருந்தார்.

"ஆன்ட்டி, வண்டிய வித்துட்டு நம்பர மட்டும் வெச்சுக்க முடியுமா?"

"சும்மா எடுத்து வீட்டுல வெச்சுக்க முடியாதும்மா. இன்னொரு வண்டில போடறதா இருந்தாத்தான். இல்லன்னா இதே வண்டிய உன் பேருக்கு மாத்திக்கலாம், நம்பர் அதுலயே இருக்கும்."

"எனக்கு ஓட்டவே தெரியாதே." வெளியே பார்த்தாள். பிறகு, "சரி, கத்துக்கறேன். அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் ஓட்டட்டும்" என்றாள். நாற்பது வயதில், வாழ்நாளெல்லாம் ரயிலிலேயே வேலைக்குப் போய்வந்தவள்.

என் கணினியிலேயே பெயர் மாற்ற விண்ணப்பத்தை நிரப்பினாள். அப்போதுதான் சொன்னாள்.

"நான் ரெண்டு தடவ செக் பண்றேன் ஆன்ட்டி. அப்பா தப்பா அடிச்ச மாதிரி ஆயிடக் கூடாது. அன்னிக்கு அவர ரொம்பத் திட்டிட்டேன். ஒரு நம்பர்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதா, அம்மா மழையில கெடந்தது உங்களாலதான்னு. அவர் ஒண்ணுமே சொல்லல. தலையக் குனிஞ்சிட்டு இருந்தாரு."

அண்ணே, எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. நீங்கள் என் தவறை வீட்டுக்குள் உங்கள் தவறாகக் கொண்டுபோயிருந்தீர்கள். பெற்ற மகள் வாயால் அத்தனையும் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு என் கடையில் வந்து உட்கார்ந்து டீ குடித்திருக்கிறீர்கள்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஏற்கெனவே உங்கள் பெயரில் முடிந்துபோன விஷயம். நீங்களும் அதைத்தான் விரும்பினீர்களோ என்னவோ. ஆனால் அவள் உங்களை அப்படியே நினைவில் வைத்திருக்க நான் விடக் கூடாது என்று தோன்றியது.

"அது அப்பா இல்ல மீனா. நான்தான் அடிச்சேன். பேட்டரி வெல சொல்லிக்கிட்டே அடிச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப ஏன் அவர் சொல்லல?"

"தெரியலம்மா."

"நான் சாரிகூடச் சொல்லல ஆன்ட்டி" என்றாள். விண்ணப்பத்தை அனுப்பினாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வரவில்லை. ஞாயிறுதோறும் மஞ்சள் தகடு எதையாவது கண்டால் எழுந்து பார்ப்பேன். தகடு செய்கிற கடைகள் இந்த வட்டாரத்திலேயே நிறைய உண்டு. அவளுக்கு என்னிடம் வர அவசியமில்லை.

போன ஞாயிறு வந்தாள். தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாளாம். "ஆன்ட்டி, புது டிரைவருக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒட்டுவாங்களே, அது ரெண்டு குடுங்க" என்றாள். நானே கொண்டுபோய் ஒட்டினேன். பின்னிருக்கையில் அண்ணி இருந்தார், கைப்பை மடியில். என்னை யாரென்று தெரியவில்லை. எண்ணைச் சொல்லச் சொன்னேன். சிரித்தார், சொல்லத் தெரியவில்லை. மீனா சொன்னாள், "இப்பல்லாம் படிக்கிறது இல்ல ஆன்ட்டி. ஆனா மஞ்சளப் பாத்தா வந்து ஏறிக்கிறாங்க." கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "அடுத்த வாரமும் வர்றோம், டீ குடிக்க" என்றாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நீங்கள் அதற்கும் முன்பே, நான் தொலைபேசியில் அழுத அந்த நிமிடத்திலேயே மன்னித்துவிட்டீர்கள். ஆனாலும் உங்கள் மகள் முன்னால் நீங்கள் தலைகுனிந்து வாங்கிய அந்தத் திட்டு என்னுடையது, அண்ணே. அதை உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். முடிந்ததைச் செய்தேன், மீனாவிடம் உண்மையைச் சொன்னேன். மீதியை நான் வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
ஸ்டெல்லா