மெமரியை மட்டும் கொடு

3 ஆகஸ்டு 1998, திங்கள்

சுண்டு, இன்றைக்கும் கூப்பிட்டாய்.

வேலைக்குக் கிளம்பும் முன் உன் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் பெட்டியின் பித்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது. திரை வெளுத்தது. அப்புறம் நீ. "யம்மோவ், பசிக்குதுலா! சோத்தப் போடு!" பின்னால் நம் குக்கர் விசில். அதற்கும் பின்னால் தூரத்தில் நான், "வர்றேன்டா மாடு!" என்று கத்துகிறேன்.

மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஏதோ மியூசிக் வருமாம். நீ அதை எடுத்துவிட்டு உன் குரலை வைத்தாய். அன்றைக்கு எனக்குக் கோபம். "வெளியாளுங்க கேட்டா நான் உன்னைப் பட்டினி போடறேன்னு நினைப்பாங்கடா" என்றேன். நீ சிரித்தாய்.

கேட்டதும் பித்தானை அமுக்கி அணைத்துவிட்டேன். அதில் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. பாயான் பாரு பஸ் இன்று தாமதம். ஃபேக்டரி கேன்டீனில் இன்று நான் சமைத்தது மீன் சம்பால்.

5 ஆகஸ்டு

கூப்பிட்டாய். நல்ல மழை.

9 ஆகஸ்டு, ஞாயிறு

கூப்பிடவில்லை.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே நின்றது. பீப், பீப், பீப் என்று மட்டும் வந்தது. அணைத்து மறுபடி அமுக்கினேன். அதே பீப். நேற்றுத் துணியால் தூசி தட்டினேனே, அதனாலா? ஈரத் துணியா அது? இல்லை, காய்ந்ததுதான். காய்ந்ததுதானே?

உன் அப்பா கூடத்தில் பேப்பரோடு இருந்தார். தலை நிமிர்ந்தது, மறுபடி பேப்பருக்குள் போனது. பிப்ரவரியில் டிங்கி உன்னைக் கொண்டுபோனதிலிருந்து அவர் உன் பேரைச் சொன்னதில்லை. டிங்கியைக்கூட "அந்தக் காய்ச்சல்" என்றுதான் சொல்கிறார்.

10 ஆகஸ்டு

பீப்.

12 ஆகஸ்டு, புதன்

சாப்பாட்டுக்கு வந்த புஷ்பராணியிடம் கேட்டேன். ஃபேக்டரியில் சிப் டெஸ்ட் பண்ணுகிற இடத்தில் இருப்பவள், தெரியுமே உனக்கு.

"பீப் அடிக்குதா? மெமரி போச்சுக்கா" என்றாள், கோழித்துண்டைக் கடித்துக்கொண்டே.

"மெமரின்னா?"

"ஞாபகம்க்கா. சீப்பு நீளத்துல ஒரு பச்சை அட்டை. அது செத்தா கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியாது. அக்கா, குழம்ப கொஞ்சம் ஊத்துங்களேன், அதாச்சும் ஞாபகம் இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஊற்றினேன்.

ஞாபகம். அப்படியென்றால் உன் குரல் அந்த அட்டையில்தான் இருக்கிறது. அது செத்துவிட்டது என்கிறாள். எத்தனை முறைடா சாவாய் நீ?

15 ஆகஸ்டு, சனி

உன் அப்பா லோரியை நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்து மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

"மெமரி. கடையில இருக்கறதுலயே ஸ்பீடானதா கொடுன்னேன். ஸ்பீடு நூறாம்."

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, சுண்டு. பீப் சத்தத்தைக் கேட்டு அவராகவே யாரிடமோ விசாரித்திருக்கிறார்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். உள்ளே நீ கட்டின கம்பிகள். ஒரு கம்பியில் நான் தைக்கிற சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறாய். இரண்டு பச்சை அட்டை பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அப்பா வாங்கி வந்தது அதைவிட நீளம். வெட்டும் வேறு இடத்தில். பழையதைக் கழற்றிவிட்டு வைத்தால் அந்தப் பள்ளத்தில் உட்காரவே இல்லை. லோரி இன்ஜினையே பிரித்துப் பூட்டுகிறவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. கட்டைவிரலை வைத்து அழுத்தப் போனார்.

"அமுக்காதீங்க! உடைஞ்சிரும்! எடுங்க கைய!"

நீ போன பிறகு நான் கத்தினது அதுதான் முதல் தடவை. அவர் கையை எடுத்துவிட்டார். அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ ஸ்பீடு. என்ன புண்ணியம்?" என்றார்.

18 ஆகஸ்டு, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டேன். உன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லோரியில் கொம்தார் கட்டடத்துக்குப் போனோம். மேல்மாடியில் ஒரு சின்னக் கடை. ரொஸ்னா என்று ஒரு தமிழ் முஸ்லிம் பெண்தான் ரிப்பேர் பார்க்கிறாள். நல்ல பேச்சு. உனக்குப் பிடித்திருக்கும்.

அப்பா வாங்கினதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அங்கிள், இது புது மாடல் போர்டுக்கு. இந்த போர்டு பழசு, எழுபத்திரண்டு பல் உள்ளதுதான் உட்காரும். அதுவும் ஜோடியாத்தான் போடணும். ரெண்டும் ஒரே அளவு, ஒரே ஸ்பீடு. ஒண்ணுக்கு ஒண்ணு சேரலேன்னா சண்டை பிடிக்கும்லா. எவ்ளோ ஸ்பீடுன்னு கேக்கறதுக்கு முன்னால சேருமான்னு கேக்கணும். லோரி டயரை மோட்டார் சைக்கிள்ல மாட்டுவீங்களா?"

"மாட்டமாட்டேன்" என்றார் உன் அப்பா. வாய் ஓரத்தில் சிரிப்பு மாதிரி என்னவோ வந்து போனது.

நான் கேட்டேன். "பழசுல இருக்கிறது புதுசுலயும் இருக்குமாம்மா?"

"அதே அளவு இருக்கும் ஆன்ட்டி. டபுளாவே போட்டுத் தர்றேன்."

எனக்கு உயிர் வந்தது.

அவள் கொஞ்சநேரம் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க்கும் கெட்டுக் கிடக்கு. யாரோ ஒழுங்கா மூடாம பித்தானை அமுக்கி அமுக்கி அணைச்சிருக்காங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் புதுசா போட்டாத்தான் சரிப்படும். உள்ள வேணுங்கிறது ஏதும் இருக்கா? மகன்கிட்ட கேட்டுட்டு வர்றீங்களா?" என்றாள்.

மகன் என்றாள். நான், "அவன் வெளியூர்ல இருக்கான்" என்றேன். அப்பா கடை வாசலுக்குப் போய்விட்டார்.

"மெமரியை மட்டும் அழிச்சிராதேம்மா. பழைய மெமரியை என்கிட்டயே கொடுத்துரு. மத்ததெல்லாம் என்னத்துக்கு."

"பழைய மெமரியை வச்சு நான் என்ன பண்ணப்போறேன் ஆன்ட்டி? உங்க கையிலயே தர்றேன்லா."

19 ஆகஸ்டு

நாள் நகரவில்லை. சோற்றில் உப்புப் போட்டேன் இரண்டு முறை.

22 ஆகஸ்டு, சனி

பெட்டி வந்துவிட்டது. பழைய இரண்டு அட்டையையும் வெள்ளி நிற உறையில் போட்டுத் தந்தாள். வழி முழுவதும் ரவிக்கைக்குள் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அரிசி கழுவி வைத்துவிட்டுத்தான் உன் அறைக்குப் போனேன். நீ கூப்பிட்டதும் வைக்கலாம் என்று. பித்தானை அமுக்கினேன். அப்பப்பா, என்ன வேகம். முன்பெல்லாம் நான் முந்தானையைச் சரிசெய்து முடிக்கிறவரை ஆகும். இன்று கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது.

ஒரு மியூசிக் வந்தது. மெதுவாக, பெரிய ஹோட்டல் வாசலில் போடுவது மாதிரி. முடிந்தது. அவ்வளவுதான்.

உட்கார்ந்தே இருந்தேன். குளியலறைக் கதவு திறந்தது. உன் அப்பா, முகமெல்லாம் சோப்பு நுரை, கையில் ரேசர்.

"அவன் ஏன் கூப்பிடல?" என்றார்.

அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், சுண்டு. நான் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

24 ஆகஸ்டு, திங்கள்

கேன்டீன் ஃபோனிலிருந்து ரொஸ்னாவைக் கூப்பிட்டேன். பழைய அட்டையை மறுபடி மாட்டிவிடு, கெட்டதாய் இருந்தாலும் பரவாயில்லை, அதில்தான் என் மகன் குரல் இருக்கிறது என்றேன். அவன் வெளியூரில் இல்லை, அவன் இல்லை என்றும் சொன்னேன்.

பின்னால் பாடிய ரேடியோவை அவள் அணைத்தாள். அப்புறம், "ஆன்ட்டி, மெமரியில எதுவும் தங்காது ஆன்ட்டி. கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு ஞாபகம். அணைச்சா எல்லாம் மறந்துரும். குரல் டிஸ்க்கில இருந்திருக்கும்" என்றாள்.

"அந்த டிஸ்க்கு?"

"அழிச்சாச்சு ஆன்ட்டி. அதுமேலேயே புதுசா எழுதியாச்சு. நீங்கதான் வேணாம்னு..." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளை நான் சமாதானம் பண்ணவேண்டியதாயிற்று. நல்ல பெண். அவளைச் சொல்லி என்ன?

அந்தப் பித்தானை அமுக்கி அமுக்கிக் கெடுத்தது யார்? நான்தானே. உன்னைக் கேட்கணும்னு, கேட்டுட்டு டக்குனு அணைச்சு, தினமும் தினமும் நானே... அழிச்சிராதேன்னு சொன்னேனே. தப்பானதைப் பார்த்து சொன்னேனே. அவன் குரல்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரலையே.

ஞாபகம்னு ஏன்டா பேரு வச்சாங்க அதுக்கு?

27 ஆகஸ்டு

அந்த இரண்டு அட்டையும் உன் படத்துக்கு முன்னால் இருக்கின்றன. காலியானவைதான். தூக்கிப்போடக் கை வரவில்லை.

31 ஆகஸ்டு, திங்கள்

மெர்டேக்கா, சுதந்திர தினம். லீவு. நம் ஆயர் ஈத்தாம் ஃபிளாட் முழுக்க மாடிக்கு மாடி கொடி.

பெட்டியைத் திறக்கவில்லை. சோறு பொங்கிக்கொண்டிருக்கும்போது அடுப்பைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "யம்மோஓஓவ்" என்று. இனி உன் குரல் என்னிடம்தானே இருக்கிறது, தினம் ஒரு முறை சொல்லி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"அப்படி இல்ல." உன் அப்பா சமையலறை வாசலில் நின்றார். "அவன் முன்னாலயே இழுப்பான். 'யம்ம்ம்மோவ்'."

"இல்லீங்க, 'மோ'வுலதான் இழுப்பான்."

"தினமும் தண்ணிக் குழாயை மூடிட்டு நின்னு கேட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

"பக்கத்துல உட்கார்ந்து கேட்டவ நான்!"

அவர் சொன்னார், நான் சொன்னேன். மாற்றி மாற்றி, சின்னப் பிள்ளைகள் மாதிரி. கீழ்வீட்டில்கூடக் கேட்டிருக்கும். பிறகு அவர் நிறுத்திவிட்டார். நானும் நிறுத்திவிட்டேன். இப்போது எழுதும்போது நான் சொன்னது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சொன்ன மாதிரியும் காதில் விழுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை.

சோறு அடிப்பிடித்துவிட்டது. அதையேதான் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

சுண்டு, எதைடா இழுப்பே நீ? 'யம்'மையா, 'மோ'வையா?