கம்பியில் இறங்கிய கொழுந்து

பெப்ரவரி 6, 2024

கிடைத்துவிட்டது! கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோது பிரதேச செயலகத்தில் என் மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாதி கோப்பில் கொட்டியது, மீதி சேலையில். கொட்டினால் கொட்டட்டும்!

ஆசிய நாடுகள் பல கூடி நடத்தும் உற்பத்தித்திறன் அமைப்பு இலங்கைக்கு ஒரு மாதிரித் திட்டம் தருகிறது. ஒரு நாட்டுக்குக் கைவந்த வேலையை இன்னொரு நாட்டுக்குக் கற்றுக்கொடுப்பது, அவ்வளவுதான் ஏற்பாடு. நான் சிபாரிசு செய்த வெள்ளிமலைத் தேயிலைத் தோட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நான் பிறந்த தோட்டம்! அம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்கிற தோட்டம்! நேபாளத்திலிருந்து ஒரு பொறியியலாளர் வருகிறார்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் வழி முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். எதிரே வந்த செல்லசாமி கங்காணி நின்று பார்த்தார். "என்னா புள்ள, கல்யாணம் கூடிருச்சா?"

"அதவிடப் பெருசு மாமா!"

பெப்ரவரி 7

அம்மாவிடம் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்: "உற்பத்தித்திறன்னா என்னா?"

"அதே ஆளுங்க, அதே நேரத்துல, வீண் இல்லாம வேலை செய்றது."

"அப்ப கிலோ கூடும்."

"இல்லம்மா..."

"முந்தியும் ஒருத்தர் வந்து படம் காட்டிட்டுப் போனாரு. அடுத்த மாசமே ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய கிலோவ ஏத்திப்புட்டாங்க. எங்களுக்கு அந்த வார்த்தைக்கு அதான்டி அர்த்தம்."

ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். சந்தோஷம் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும், இல்லையா? குறையவே மாட்டேன் என்கிறதே!

பெப்ரவரி 20

வந்துவிட்டார். பிமலா தாமாங். ஸ்டேஷனில் டிரைவர் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற ஆண்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிமலா போய் அவர் முன்னால் நின்று, பலகையில் இருந்த தன் பெயரை விரலால் தட்டினார். டிரைவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

மேல்மலைக்குக் கூட்டிப்போனேன். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு இல்லை. மேலே பெண்கள் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டித் தலையில் ஏற்றி, வளைந்து வளைந்து இறங்கி, ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடை போட்டுவிட்டு மறுபடி ஏறி வருகிறார்கள். அம்மாவும் அந்த வரிசையில்தான். பிமலா ஒரு பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சாக்கைக் கீழே கொண்டுபோக மலையே இருக்கிறதே! நீங்கள் எதற்குச் சுமக்கிறீர்கள்?"

அவர்கள் ஊரில் காய்கறியையும் ஆப்பிளையும் கம்பியில் இறக்குவார்களாம். கப்பியில் ஓடும் கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொரு தட்டு; நிறைந்த தட்டு தன் பாரத்தில் கீழே வரும்போது, வெறும் தட்டை மேலே இழுத்துவிடும். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். நான் தமிழில் சொல்லச் சொல்லப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நாங்க?" என்றாள் அம்மா.

"நீங்க கைய வீசிக்கிட்டு நடந்து வாங்க."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் கம்பி வரப்போகிற திசையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நான் கவனித்தேன்.

பெப்ரவரி 21

அம்மா மிளகாயை இடித்துச் செய்த கட்டச் சம்பலைப் பிமலா கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். அம்மா சரணடைந்தாள்.

மார்ச் 19

தூண்கள் எழும்பிவிட்டன! தலவாக்கலையில் முஹ்ஸின் நானாவின் கடையில் கம்பியும் கப்பியும் எடுத்தோம். "இவ்வளவு கம்பி எதுக்கு மகள், நேபாளத்துக்கே இழுக்கப் போறீங்களா?" என்றார். பிமலாவுக்கு மொழிபெயர்த்தேன். கடைக்குள்ளேயே குலுங்கிச் சிரித்தார். இந்தப் பெண்மணியோடு சேர்ந்து நானும் நாளெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்!

மார்ச் 26

ஐயோ.

முதல் ஓட்டம். தோட்டமே வந்து நின்றது. தோட்ட மேனேஜர், எங்கள் பெரிய தொரை விஜேகோன், ஜீப்பைச் சரியாகக் கம்பிக்குக் கீழே நிறுத்தினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலிருந்து சாக்கு கிளம்பிவிட்டது. அழகாக வந்தது, பறவை மாதிரி வந்தது. பாதி வழியில் முடிச்சு அவிழ்ந்தது. அத்தனை கொழுந்தும் ஜீப் மேல் மழையாகக் கொட்டியது. தொரையின் தொப்பிமேல்கூட ரெண்டு இலையும் ஒரு மொட்டும்!

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. முதலில் சிரித்தது என் அம்மா. பிறகு மலையே சிரித்தது. தொரையும்தான், பாவம்.

மார்ச் 28

ஓடுகிறது! முடிச்சுக்குப் பதில் கொக்கி போட்டார் பிமலா. சாக்கு கீழே, வெறும் தட்டு மேலே, சாக்கு கீழே. பெண்கள் விசில் அடித்தார்கள். அம்மாவுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஏப்ரல் 2

பிமலா போன வாரக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார். இன்று தொரை கூப்பிட்டனுப்பினார். வாழ்த்தத்தான் என்று குதித்துக்கொண்டு போனேன்.

"நல்ல வேலை, ஜெயந்தினி. சுமக்கிற நேரம் மிச்சம். அதனால் அடுத்த மாதம் ரெண்டு கிலோ கூட்டலாம்."

தலைய ஆட்டிட்டு வெளிய வந்துட்டேன். அம்மா சொன்னது அப்படியே நடக்குது. நானே கொண்டாந்து வச்சிருக்கேன். எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?

ஏப்ரல் 3

அம்மாவுக்குச் செய்தி வந்துவிட்டது. திட்டவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 24

இன்றைக்குத் தூக்கம் வராது. பயத்தில் இல்லை!

நுவரெலியாவில் அந்த ஆசிய அமைப்பின் செயலமர்வு. பல நாட்டு அரசாங்க உத்தியோகத்தர்கள், நம் செயலாளர்கள், முன்வரிசையில் தொரை. பிமலாவும் திரும்பி வந்திருந்தார். மொங்கோலியாவிலிருந்து வந்த ஐயா நம் தேநீரில் உப்பைப் போட்டுக் கிளறி ரசித்துக் குடித்தார். தொரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான்தான் பேசினேன். கம்பி, தூண், மிச்சமான நேரம் எல்லாம் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். அதே மொங்கோலிய ஐயா எழுந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "மிச்சமான நேரம் யாருக்குப் போகிறது?"

தொரை என்னைப் பார்த்தார். பிமலாவும் பார்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த நேரம் பறிக்கிற பெண்களுடையது, சேர். அதை எடுத்துக் கிலோவைக் கூட்டினால் அடுத்த தோட்டத்தில் ஒருவரும் இந்தக் கம்பியைத் தொடவிட மாட்டார்கள். நானாக இருந்தாலும் விடமாட்டேன். என் அம்மா அங்கேதான் பறிக்கிறார்."

சொல்லிவிட்டுத் தொரையிடமே திரும்பினேன். "கிலோ கூடாது, அப்படித்தானே சேர்?"

தண்ணீரைக் குடித்தார். கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார். பிறகு, "கூடாது," என்றார்.

பிமலா எழுந்து நின்று கைதட்டினார். வெளியே வந்ததும் தொரை என்னிடம், "எத்தனை நாட்டுக்காரர் முன்னால் மாட்டிவிட்டாய் தெரியுமா?" என்றார். கோபமா, சிரிப்பா? இரண்டும்தான்!

ஏப்ரல் 25

காலைப் பெரட்டுக்கு, ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, நானும் போனேன். தொரையே வந்து தன் உடைந்த தமிழில் சொன்னார்: "கிலோ கூட இல்லே. பழேய மாதிரி." செல்லசாமி கங்காணி நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார்!

அம்மா கூடையை மாட்டிக்கொண்டு என் பக்கம் வந்தாள். "தின்னியா?"

மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டேன். "விடுடி, வெக்கங்கெட்டவளே," என்றாள். விடவில்லை.

ஜூலை 9

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. கத்மண்டுவுக்குப் போகிறேன்! கம்பி கட்டுவது பற்றி அல்ல, அது அவர்களுக்குத் தெரியும். மிச்சமான நேரத்தைப் பற்றி மற்ற நாட்டுக்காரருக்குச் சொல்ல. வாழ்க்கையில் முதல் விமானம். அதற்குள் கடவுச்சீட்டைப் பலமுறை எடுத்துப் பார்த்தாயிற்று.

வட்டகொடை ஸ்டேஷனில் ஏறும்போது அம்மாவின் குரல். திரும்பினேன். குளித்து, நல்ல சேலை கட்டி, கூடவே மேல்மலைப் பெண்கள் நாலைந்து பேர்.

"இன்னைக்கு வேல நாளாச்சேம்மா?"

"முடிச்சிட்டுத்தான் வந்தோம். போய்ட்டு வா. குளிருக்குக் கம்பளிய எடுத்துப் போட்டுக்க."

ரயில் நகர்ந்தது. கையாட்டினார்கள். வளைவு வரைக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் வீட்டுக்கு ஓடவில்லை. மேடை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, கடலையைப் பகிர்ந்து கொறித்துக்கொண்டு, எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் இன்னும் வெயில் இருந்தது.