மணல் பானைக்குள் ஊசி மருந்து

ஏனுங்க,

மருந்து வாங்க உங்க ஓவர்லாக் தையல் மிஷினை வித்ததுல இருந்து நீங்க எங்கூடப் பேசறதில்லை. பரவாயில்லீங்க, ஊசி போட்டுக்கறதுக்குப் பேச வேண்டியதில்லை.

ஊட்டுல ஐஸ்பெட்டி இல்லாததால மருந்துக் குப்பியை ஈரப் பனியன் துணியில சுத்தி மணல் பானைக்குள்ள வெச்சிருக்கறேன். கம்பவுண்டர் மத்தியானம் வருவாரு. போன தடவை மாதிரி, காலு நல்லாயிருச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பீராதீங்க. மல்டிபிள்னு என்னமோ பேர் சொன்னாரே கோயமுத்தூர் டாக்டர், அந்த நரம்பு வியாதி போற மாதிரிப் போயிட்டுத் திரும்பி வருமாமுங்க.

நீங்க சொல்ற எண்ணெய் வைத்தியம் மலிவுதான். தேச்சதுல காலு பளபளன்னு ஆச்சு, நடக்கத்தான் வரலை.

பருப்புச் சோறு அடுப்படியில மூடி வெச்சிருக்குது. நான் கம்பெனிக்குப் போறேன்.

மாரக்காள்

மறந்துட்டேன். மிஷின் வாங்கினவரு ஸ்டூலையும் சேர்த்துக் கேட்டாரு. அது எங்க ஊட்டுக்காரரு உக்கார்ற எடம், விக்கறதுக்கில்லீங்கன்னு சொல்லிட்டேன்.