அண்ணி நிமிர்த்திய சக்கரங்கள்

என் அன்பான அண்ணா,

போனவர்களுக்கு ஊர்ச் செய்தியை யார் கொண்டுவந்து தருகிறார்களோ, எனக்குத் தெரியாது. நம் வீட்டுச் செய்தியை நான்தானே சொல்ல வேண்டும்? வடகரப்பதியில் இந்த வருசமும் மழை ஏமாற்றிவிட்டது. தென்னைக்கு லாரித் தண்ணீர்தான். காலையில் பால் சொசைட்டி, பகலெல்லாம் தோப்பு, ஞாயிறு வந்தால் இப்போது மறுபடியும் பந்தயத் தடம். அலுத்துப் போச்சுங்கண்ணா. உட்கார்ந்தால் எழத் தோன்றவில்லை.

உங்கள் பந்தயக் காரை இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் கோகிலா ஓட்டினாள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நீங்கள் வருசக்கணக்காகச் சுற்றிய அதே முட்டை வடிவத் தடத்தில்தான்.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோப்பிலேயே சாய்ந்ததிலிருந்து கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கோகிலா விடவில்லை. பயிற்சி எடுத்தாள், லைசென்ஸ் வாங்கினாள், டீம்காரர்களிடம் போய் நின்றாள். அண்ணி மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கடைசியில் ஒரு பேச்சு சொன்னார்: "ஓட்டட்டும். ஆனா வண்டி மேல ஒரு கீறல் உழுந்துச்சுன்னா அன்னைக்கே சாவி எங்கிட்ட வந்தரோணும்."

பந்தயத்தில் கீறல் விழாமல் இருக்குமா? நனையாமல் நாற்று நடு என்பது போலத்தான். ஆனாலும் கோகிலா, "சரிங்கம்மா" என்றாள். அவளுக்கு அந்தத் தடம் வேண்டும். நீங்கள் போன பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை பயிற்சி ஓட்டத்தில் கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சொன்னபடி வளைந்தது. மெக்கானிக் பாலனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு நம் வழக்கப்படி காரை லாரியில் ஏற்றி மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பினோம். அண்ணிதான் கூடப் போனார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, உங்கள் படத்தில் போட்டிருந்த மாலையிலிருந்து ஒரு பூவை எடுத்து முன்கண்ணாடியில் செருகினாராம்.

ஞாயிறு காலை நான் தடத்தோர மேடையில் நின்றேன். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் வருகிற கார் தெரியாது, நான் பார்த்து ரேடியோவில் சொல்ல வேண்டும். நம்முடைய அதே மூன்று சொல்தான்: "உள்ள ஆளு, வெளிய ஆளு, காலி." பக்கத்தில் யாரும் இல்லை என்று நான் "காலி" சொன்னதும் நீங்கள் "சரி அம்முணி" என்பீர்கள். அந்த ஒரு பதிலுக்காகவே வெயிலில் எத்தனை வருசம் நின்றிருக்கிறேன்!

கொடி அசைந்தது. முதல் வளைவிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கார் இடப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. வளைவுக்கு வளைவு வெளிச்சுவரைப் பார்த்தே போகிறது. "அத்தை, திரும்ப மாட்டீங்குதுங்க! என்ன பண்றதுங்க?" என்று கோகிலா கத்துகிறாள்.

"வளைவுக்கு முன்னாடியே காலை எடுத்துருங்கண்ணா, உள்பக்கமாவே புடிச்சு வாங்க!" என்றேன்.

"அத்தை, நான் கோகிங்க" என்றாள். அழுகிறாளா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அழுதேன். ஆனால் "உள்ள ஆளு" சொல்வதை நிறுத்தவில்லை.

பாதி ஓட்டத்தில் காரின் வலப்பக்கம் சுவரில் உரசியது. கதவிலிருந்து பின்சக்கரம் வரை நீளக் கீறல். ஆனாலும் ஓட்டத்தை முடித்தாள், கடைசிக்கு முந்தின ஆளாக. கீறலைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாடா, இனி ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

பாலன் காருக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தான். "சேச்சி, இது ஆரோ நிமுத்தி வெச்சிருக்கு. ஞான் வெச்ச கோணல் எவிடெப் போச்சு?" என்றான், தன் மலையாளத் தமிழில்.

லாரி டிரைவரைக் கேட்டதும் விசயம் வெளியே வந்தது. கோயிலிலிருந்து திரும்பும் வழியில் அண்ணி ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சக்கரமெல்லாம் சாய்ந்து இருப்பதைப் பார்த்து, "அப்பனில்லாத புள்ள ஓட்டற வண்டி, இப்புடிக் கோணலா இருக்கலாமா? நேரா நிமுத்திக் குடுங்க" என்று அலைன்மென்ட் செய்ய வைத்துவிட்டார். எப்போதும் இடப்பக்கமே திரும்புகிற தடத்துக்காக வேண்டுமென்றே வைத்த கோணல் அது என்று அவருக்கு யார் சொன்னது? நீங்கள் சொன்னீர்களா?

வீட்டில் அண்ணி கீறலைப் பார்த்தார். சாவிக்குக் கையை நீட்டினார். கோகிலா சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அம்மா மனது நோகும் என்று காரணத்தை விழுங்கிவிட்டாள். அதிலே அவள் உங்கள் மகள்தான், அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்தக் குடும்பத்தில் எல்லோரும் இப்படி விழுங்கி விழுங்கியேதான் போக வேண்டுமா? "அண்ணி, வண்டியை நீங்க நிமுத்துனதுனாலதானுங்க செவுத்துல போயி ஒரசுச்சு" என்று நேராகவே சொல்லிவிட்டேன். கோணலின் கணக்கையும் விளக்கினேன்.

அண்ணி அப்படியே கார்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கீறலைத் தடவிக்கொண்டே, "இத்தன வருசம் கோணலாத்தான் ஓட்டிட்டு இருந்தாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுலியே அம்முணி" என்றார். பிறகு அவராகவே, "கேக்கறதுக்கு நாந்தான் என்னைக்கு அங்க வந்து நின்னேன்?" என்றார். பயந்துகொண்டு அவர் ஒரு நாளும் தடத்துக்கு வந்ததில்லையே அண்ணா. வாசலில் நின்று வழியனுப்புவதோடு சரி.

இருட்டுவதற்குள் எழுந்து, சாவியை உள்ளே கொண்டுபோய் மகள் கையில் வைத்தார். "பாலன்கிட்டச் சொல்லி, அப்பன் வெச்சிருந்த மாதிரியே கோணலா வெச்சுக்க கண்ணு. அடுத்த ஓட்டத்துக்கு நானும் வாறேன்."

அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் இல்லை, மேடையில் நின்றாக வேண்டும். அடுத்த பந்தயத்துக்கு அண்ணியை மேடையில் என் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் சொல்லாமல் போனதையெல்லாம் சுற்றுக்குச் சுற்று சொல்லிக்கொடுக்கிறேன். "காலி" என்கிற சொல்லை மட்டும் ஒரு தடவையாவது அண்ணி வாயாலேயே சொல்ல வைக்கிறேன். உங்களுக்கு அவர் சொல்லாததை, உங்கள் மகளுக்காவது சொல்லட்டும். இது சத்தியம்.

கால் கடுத்தாலும் ரேடியோவை அணைக்காத
உங்கள் தங்கை,
அம்முணி