மண்ணை மூடி வைத்த வருஷம்

செஞ்சி,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

என் கண்ணான மகள் மீனம்பாளுக்கு அம்மா எழுதுவது. கடல் தாண்டிப் போய்ப் போர்ட் பிளேரில் குடித்தனம் நடத்துகிற நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அங்காளம்மன் துணை நிற்க வேண்டும். இங்கே நானும் உன் நைனாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைக் கையில் எடுத்தேன், எழுத வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, இது வேறு கஷ்டம். உன் நைனாவை நீதான் எப்படியாவது வழிக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா? அங்கே ஓயாத மழை என்று எழுதியிருந்தாய், தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்டாமல் படுக்க வைக்காதே. மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்த பிறகு இந்தக் கடிதத்தை முழுக்கப் படி, அவர் சோற்றில் கை வைக்கும்போது படித்துவிட்டு அழுது வைக்காதே.

ராணிக்கோட்டைக்குப் பின்னால் இருக்கிற நம் நிலம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று உனக்குத் தெரியும். வருஷா வருஷம் மல்லாட்டை, உங்கள் பக்கம் வேர்க்கடலை என்பார்களே அதுதான், அதை விட்டால் வேறு பயிர் கிடையாது, மூட்டை மூட்டையாக யூரியா, அதற்கு மேல் பூச்சிப் பவுடர். கடைசியில் மண் சுட்ட ஓடு மாதிரி ஆகி, செடியைப் பிடுங்கினால் பாதிக் காய் பொக்கு. மார்க்கெட் கமிட்டியில் வியாபாரி ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்த்துவிட்டு விலைகூடக் கேட்காமல் அடுத்த குவியலுக்குப் போய்விடுவான். அந்த அவமானத்தில்தான் உன் நைனா மாறினார். பாண்டிச்சேரிப் பக்கம் ஏதோ விவசாயக் கூட்டம் என்று போய் வந்தவர், அன்றிலிருந்து மண்ணுக்கு உயிர் இருக்கிறது, மண்ணை வெயிலில் போடாதே, மண்ணுக்கு முதலில் சோறு போடு என்று அதே பேச்சு. கோடையில் ஏரி வண்டல் அடித்தார். மல்லாட்டைக் கொடியை விற்காமல் மாட்டுக்குப் போட்டு, அந்தச் சாணியை நிலத்துக்கே திருப்பினார். தழையுரத்துக்குக் கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதார். ஓரமெல்லாம் காராமணி, நடு நடுவே துவரை. பவுடரை மட்டும் தொடவே இல்லை. முதல் இரண்டு வருஷம் விளைச்சல் குறைந்தது, நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கத்தத்தான் செய்தேன். ஆனால் போன ஐப்பசியில் காயை உடைத்தால் உள்ளே பருப்பு நெருக்கிக்கொண்டு இருந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, "இன்னா நெளியுது பாரு லட்சுமி" என்றார். மண்புழு. நீ பிறந்தபோதுகூட அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் பார்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இந்த வருஷம்தான் எல்லை மீறிப் போய்விட்டார். சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்ததும் ஊரே ஏர் பூட்டும், நீ பார்க்காததா? ஏருக்குப் பின்னால் காக்காயும் மைனாவும் நடந்து வந்து, மண்ணுக்குள் தூங்குகிற கம்பளிப்புழுக் கூட்டைக் கொத்திக்கொண்டு போகும். மல்லாட்டை போடுகிற எவரும் அந்த உழவை விட்டதில்லை. உன் நைனா விட்டார். உழுதால் ஈரம் போய்விடும், மண்புழு வெயிலில் செத்துவிடும் என்று கிழக்கு வரப்பிலிருந்து வேப்பமரத்தடி வரைக்கும் சருகையும் கொடியையும் பரப்பி மூடி வைத்தார். விதைக்கிற நேரத்தில் மேலாகக் கீறிவிட்டு விதை போட்டதோடு சரி. பக்கத்து நிலத்து இளையபெருமாள் வரப்பில் நின்று, "அண்ணே, ஒரு சால் ஓட்டிடு அண்ணே, புழு உள்ள ஒறங்குது" என்று தலைதலையாக அடித்துக்கொண்டான். கேட்டாரா? மண்புழுவுக்குப் போட்ட போர்வைக்குள் கம்பளிப்புழுவும் சேர்ந்து சுகமாகப் படுத்துக்கொண்டது.

ஆனியில் நல்ல மழை பெய்த மறுநாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அந்தச் சருகுக்குள்ளிருந்து கூட்டை உடைத்துக்கொண்டு அந்துப்பூச்சி கிளம்பியது பார், தவிட்டை வாரித் தூற்றின மாதிரி. உன் நைனா ஓடிப்போய்ப் பெட்ரோமாக்ஸ் ஏற்றி, அடியில் மண்ணெண்ணெய் ஊற்றின தண்ணீர்த் தொட்டி வைத்தார். தொட்டி நிறைய விழுந்தது. விழாதது அக்கம்பக்கத்து நிலமெல்லாம் போய் முட்டை வைத்தது. நம் நிலத்தில் புழு ஓரத்துக் காராமணியில் ஏறி உட்கார்ந்துகொண்டதால், கையால் பொறுக்கியே செடியைப் பாதிக்கு மேல் காப்பாற்றிவிட்டார். இளையபெருமாள் நிலத்தில் ஏது காராமணி? சிவப்புப் புழு படை படையாக இறங்கி, இலையை ஒன்று விடாமல் தின்று, காம்பை மட்டும் நிறுத்திவிட்டுப் போனது. மறுபடி விதைக்க அவன் வீட்டில் ஒரு படி விதை கிடையாது. "மண்புழு வளக்கறேன்னு சொல்லிட்டு கம்பளிப்புழு வளத்துட்டியே அண்ணே" என்று வீட்டு வாசலில் வந்து கேட்டான். உன் நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

நேற்று மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அந்தப் பக்கத்து நிலம் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பவுடர் அடிப்பது என்று முடிவு. ஒரு நிலத்தை விட்டாலும் புழு அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும் என்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லையே. உன் நைனா மட்டும், "எம் மண்ணுல தூள் விழக் கூடாது, புழு கூடு கட்ட எறங்கறப்ப நானே தோண்டி எடுத்துடறேன்" என்று ஒரே பிடி. விடிந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் புழு பொறுக்குகிறார். புழுவின் சுணை பட்டுக் கையெல்லாம் தடித்து வீங்கிக் கிடக்கிறது, விளக்கெண்ணெய் தடவிவிட்டால் கையை உதறிக்கொண்டு போகிறார். சோறும் இறங்கவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இன்று காலையில் ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு மாவு வாங்க வீடு வீடாக வந்தார்கள். நான் முறத்தில் மாவோடு வாசலில் நிற்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். மீனம்பா, அந்த மாவைத் திரும்ப உள்ளே எடுத்து வர எனக்குக் கால் வரவில்லை. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளாக என் கை மாவு சேராமல் அந்தக் கோயிலில் கூழ் காய்ச்சியதில்லை. கூழுக்கே நம்மைச் சேர்க்காதவர்கள், ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்க வருவார்களா? ஒற்றை ஆளாக எத்தனை செடியைப் பிடுங்குவார்? அதனால் நீ எழுது. உன் கடிதம் என்றால் எழுத்துக் கூட்டியாவது இரண்டு தரம் படிக்காமல் விட மாட்டார். இந்த மண்புழுச் சனியனை விட்டுத் தொலை நைனா, ஊரோடு ஒத்துப் போ என்று கண்டித்து எழுது. இது உன் கைக்கு வந்து சேருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போயிருக்கும், அது தெரியாமல் எழுதவில்லை. வேறு யாரிடம் போய் நான் அழ?

ஞாயிற்றுக்கிழமை.

கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. மேலே எழுதியதைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. அப்படியே விட்டு இங்கிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வெள்ளிக்கிழமை பவுடர் மிஷினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். உன் நைனா வரப்பில் குறுக்கே நின்றார். அடிதடி ஆகிவிடும் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். ஆனால் இளையபெருமாள் கத்தவில்லை. "எம் புள்ளைங்களுக்கு இந்த வருசம் நீ சோறு போட்டுடறியா அண்ணே? சொல்லு, நான் இப்படியே திரும்பிப் போயிடறேன்" என்றான். அவன் பெண்டாட்டி செல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அத்தனை பேர் இருக்கும்போது உன் நைனா என் முகத்தைப் பார்த்தார். அவர் பக்கமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பார். என்னால் முடியவில்லை மீனம்பா. அந்த மாவு முறம்தான் கண்ணில் நின்றது. "போட்டுடுங்க, என்னால தாங்க முடியல" என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் கையை நீட்டி, "குடு, எம் மண்ணு, நானே போடறேன்" என்று மிஷினை வாங்கி மாட்டிக்கொண்டார். மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு வரிசை விடாமல் அடித்தார். முடித்து வரப்பேறும்போது தலை, மீசை எல்லாம் வெள்ளையாகி யாரோ வயசானவர் மாதிரி இருந்தார்.

மத்தியானம் கோயிலிலிருந்து நம் வீட்டுக்கும் கூழ் வந்தது. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது அல்லவா? ஒரு வாய் குடிக்க முடியவில்லை.

நேற்று மழை பெய்தது. விட்டதும் நிலத்துக்குப் போனார், நானும் போனேன். மண்புழு எல்லாம் மேலே வந்து, வெளுத்துப் போய், சால் முழுக்கச் செத்துக் கிடந்தது. உட்கார்ந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை, அழவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் செங்கல் சூளைக்காரர் வந்தார். வண்டல் அடித்த நிலம் என்பதால் அந்த மேல்மண்ணைக் கேட்டு முன்பே இரண்டு முறை வந்த ஆள், மாட்டுக்கம்பை எடுத்துக்கொண்டு உன் நைனா துரத்திவிட்ட ஆள். அவரிடம் இப்போது, "எடுத்துக்க, செத்த மண்ணுதானே, செங்கல்லாவது ஆவட்டும்" என்று சொல்லிவிட்டார். நிற்கிற செடியோடு சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆவணி பிறந்ததும் லாரி வருமாம். மூன்று அடி வெட்டிவிட்டால் அதற்குக் கீழே நம் நிலத்தில் என்ன இருக்கிறது, வெறும் சரளை. எருக்கஞ்செடிகூட முளைக்காது.

சேதி தெரிந்து செல்லம்மாள் ஓடி வந்தாள். பள்ளம் வெட்டினால் முதல் மழையிலேயே தங்கள் வரப்பு சரிந்து மண்ணெல்லாம் பள்ளத்துக்குள் போய்விடும் என்று அழுதாள். "அண்ணி, நாங்க இன்னா மூடாதன்னா சொன்னோம்? சித்திரையில ஒரு சால் ஓட்டி, காக்கா கொத்தினதும் மூடிக்கிட்டும், அத்தச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள். அவ்வளவுதானடி விஷயம். ஒரு சால். இதை அன்றைக்கே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியிருந்தால் இத்தனை உயிர் சாகுமா? அவரிடம் போய்ச் சொன்னேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று காலையில் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் நிலத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் சாணியும் சருகும் மக்கிக் கிடக்கிற இடத்தில், பவுடர் மேலோடு நின்றுவிட்ட இடத்தில், கிளறிப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறது மீனம்பா. கொஞ்சமாகத்தான், ஆனால் நெளிகிறது. ஒரு தேங்காய் மூடியில் மண்ணோடு அள்ளி எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் முந்தானையால் வெயில் மறைத்துக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்தேன். பார்த்தார். "எதுக்கு எடுத்தாந்த, இதையும் கொல்றதுக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை கேட்டதற்கு நேர் எதிராக இப்போது கேட்கிறேன். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீ நினைத்தாலும் சரி. மண்ணை விடாதே நைனா, மறுபடியும் ஆரம்பி என்று எழுது. அந்த மரத்தடி மண் போதும் என்று எழுது. சித்திரைக்கு ஒரு சால் உழுதுவிட்டு மூடச் சொல். பேரன் வந்து ஓடி விளையாட நிலம் வேண்டும் என்று எழுது, திட்டு, சத்தியம் போடு, உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி எழுது. முப்பது வருஷம் இவரோடு குடும்பம் நடத்தியவள், இவர் இப்படிப் பேசாமல் கிடந்து நான் பார்த்ததில்லை. எனக்கு பயமாக இருக்கிறது. மண் போய்விட்டால் இந்த மனுஷன் எழுந்திருக்க மாட்டார்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், குழந்தையின் காலுக்கு ஒரு முள் தைக்கக் கூடாது, இந்த அம்மாவின் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு. ஆவணி பிறப்பதற்குள் உன் கடிதம் வந்து சேர வேண்டும், தாமதமாகும் போல் இருந்தால் மாப்பிள்ளையிடம் சொல்லித் தந்தி கொடு, மறந்துவிடாதே. என் பெயருக்குப் போடாதே, உன் நைனா துரைக்கண்ணு பெயருக்கே போடு. அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை அதில் வந்துவிடக் கூடாது. என் பேச்சை அவர் ஒரு தடவை கேட்டது போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
லட்சுமியம்மாள்.